ஏழாம் வரிசையும் நடுமுதுகுத் தோலும்

மக்பூல் அகமது குறி வைத்தால் குறி தப்பாது. குண்டுதான் தப்பும்.

பாலாற்று ரைபிள் கிளப்பில் இதைச் சொல்லிச் சிரிக்காத உறுப்பினர் கிடையாது. முதலில் சொன்னவரும் மக்பூல்தான். பிறர் சொல்வதற்குள் நாமே சொல்லிவிட்டால் வலி கம்மி என்பது அவர் அனுபவம். ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்கிற மனிதர், ஐம்பத்தெட்டு வயது, கண்ணில் குறையில்லை, கையில் நடுக்கமில்லை. குறையெல்லாம் துப்பாக்கியின் தலையில்தான் போய் விழுந்தது.

அது வாய்வழியே கரிமருந்து போட்டு, குண்டை மேலிருந்து கோலால் இடித்து இறக்கிச் சுடுகிற பழைய ரைபிள். குழலின் உட்சுவரில் திருகுவரிகள் ஓடும். குண்டு அந்த வரிகளைப் பற்றிச் சுழன்று வந்தால்தான் நேராகப் போகும். ஆனால் ஈயக்குண்டு குழலைவிடக் கொஞ்சம் சின்னது. அதனால் கொழுப்பு தடவிய சின்ன வட்டத்தோல் ஒன்றில் அதைப் பொதிந்து இறக்க வேண்டும். அந்தப் பொதித்தோல் நன்றாகப் பிடித்தால் குண்டு நேர்வழி போகும். பிடிக்காவிட்டால் கல்யாண வீட்டுக்கு வந்த சின்னப்பிள்ளை மாதிரி அதன் இஷ்டத்துக்குச் சுற்றும்.

கிளப்பின் ஆண்டுப் போட்டியில் பழந்துப்பாக்கிப் பிரிவு என்று ஒன்று உண்டு. சுடுவதற்கு அதற்கு ஒதுக்கிய இடம் ஏழாம் வரிசை. போட்டியாளர் மக்பூல் ஒருவரே. ஆகவே முதலிடமும் அவருக்கு, கடைசி இடமும் அவருக்கு. போன ஆண்டு அவர் சுட்ட குண்டு பக்கத்து வரிசையின் தகரப் பலகையில் எழுதியிருந்த எட்டின் மேல் வட்டத்துக்குள் கச்சிதமாக நுழைந்து மறுபக்கம் போனது. அந்த எட்டைத்தான் குறி வைத்தேன் என்று அப்போதே சொல்லியிருந்தால் உலக சாதனை. சொல்லத் தோன்றவில்லை. வாய் அகலமாகத் திறந்திருந்தது, ஆனால் திகைப்பில்.

அந்தத் துளைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். கிளப் செயலாளர் கோபிநாத் வேலூரில் மோட்டார் பைக் ஷோரூம் வைத்திருக்கிறவர். கெட்டவர் இல்லை. ஆனால் எந்தப் பொருளைப் பார்த்தாலும் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தி விளக்குப் போட்டுப் பார்க்கவேண்டும் அவருக்கு. கிளப்புக்குப் புதிதாக ஏ.சி. ஹால் கட்டியிருந்தார்கள். வாசலிலேயே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் என்ன வைப்பது என்று யோசித்த கோபிநாத்தின் பார்வை ஏழாம் வரிசைப் பக்கம் திரும்பியது.

"மக்பூல் பாய், இது ஹெரிடேஜ் ஐட்டம். இதைப் போயி சுட்டு வீணாக்கறீங்க. வாய்ல ஈயத்தை ஊத்தி அடைச்சி, கீழ பித்தளைத் தகட்டுல உங்க பேரு. எப்டி?"

"உசுரோட இருக்கற ஆளுக்கு மாலை போட்டுப் படம் மாட்டறேன்றீங்களே, கோபி."

"கோச்சுக்காதீங்க. நேரா போவாத குண்டு யார் மேல வேணா போவும். போன வருஷம் பலகை. அடுத்த வருஷம்?"

கோபிநாத் சொன்னது தப்பாக இருந்திருந்தால் மக்பூல் சிரித்துவிட்டுப் போயிருப்பார். சரியாக இருந்ததுதான் தைத்தது. இருபது பேர் டீ கிளாசோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். மக்பூலின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

"அஞ்சு வெடி. அம்பது மீட்டர். அஞ்சும் கறுப்பு வட்டத்துக்குள்ள. ஒண்ணு வெளிய போனாலும் துப்பாக்கிய நானே கொண்டாந்து பெட்டில வெக்கறேன். அஞ்சும் உள்ள போச்சின்னா ஏழாம் வரிசைய இனிமே எவனும் தொடக்கூடாது!"

கறுப்பு வட்டம் சாப்பாட்டுத் தட்டு அளவுதான். போன ஆண்டு அதற்குள் விழுந்தது ஒன்றே ஒன்று. வாய் சொன்னதைக் காது கேட்டு, மக்பூலுக்கு முதுகில் வேர்த்தது.

வீட்டில் அவர்கள் பேசுவது உருது. சண்டை என்றால் மட்டும் தமிழ். அதில்தான் வேகம் ஜாஸ்தி. அன்று மக்பூல் செருப்பைக் கழற்றுமுன்பே முனவ்வர் பேகம் தமிழில் தொடங்கிவிட்டார்.

"இன்னா, என் சக்களத்திய கண்ணாடிப் பெட்டில அடைக்கப் போறாங்களாமே?"

"அதுக்குள்ள யாரு சொன்னது?"

"ராஜவேலு அண்ணன் போன் பண்ணாரு. நீங்க சவால் வுட்டத நடிச்சே காட்னாரு, போன்ல."

சக்களத்தி என்பது அந்தத் துப்பாக்கிக்கு முனவ்வர் வைத்த பெயர். மக்பூலின் ஞாயிற்றுக்கிழமைகள் அனைத்தும் அதற்கே. ஆனால் அது வந்தது முனவ்வரின் பிறந்த வீட்டிலிருந்து. பேர்ணாம்பட்டில் காட்டோரம் நிலம் வைத்திருந்த அவருடைய அப்பாஜான் பன்றி விரட்ட வைத்திருந்தது. ஒரே மகள் என்பதால் அவருக்குப் பின் உரிமம் முனவ்வர் பேகம் பெயருக்கு மாறியது. புகைப்படமும் முனவ்வருடையதே. அதன் கீழே, உடன் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டவர் என்று ஓர் ஓரத்தில் மக்பூல் ஒண்டிக்கொண்டிருந்தார். ஊரில் எல்லோரும் 'மக்பூல் பாய் துப்பாக்கி' என்று சொல்லிச் சொல்லி, ஓரத்தில் ஒண்டியிருப்பது அவருக்கே மறந்துபோயிருந்தது.

"அஞ்சும் உள்ள போவுமா?" என்றார் முனவ்வர்.

"இன்ஷா அல்லா, போவும்."

"பாரத்த அல்லா மேல போடறது இருக்கட்டும். குண்ட வட்டத்துக்குள்ள போடுங்க."

மக்பூல் வெறிகொண்டு வேலையில் இறங்கினார். இதுவரை மருந்தைக் கண்ணளவில் போட்டவர், பித்தளைக் குப்பி ஒன்றில் விளிம்புவரை நிரப்பி, மேலே விரலால் வழித்து, ஒவ்வொரு வெடிக்கும் ஒரே அளவு போடத் தொடங்கினார். குண்டு எப்போதும் ஒரே ஆழத்தில் உட்கார வேண்டுமென்று இடிகோலில் கோடு கீறினார். ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் ஈரத்துணியால் குழலைத் துடைத்தார். ஆட்டுக்கொழுப்பையும் தேன்மெழுகையும் அடுப்பில் உருக்கிப் பொதித்தோலில் தடவினார். சமையலறை முழுக்க விருந்து வாசனை.

"மணக்குதேன்னு தட்டு எடுத்துக்கினு வந்தா துப்பாக்கிக்குன்றீங்க," என்றார் முனவ்வர். "எனக்கு ஒரு நாளு இப்டி உருக்கிக் குடுத்திருப்பீங்களா?"

இவ்வளவும் செய்து என்ன? ஞாயிற்றுக்கிழமை அமிர்திச் சாலையோரம் மலையடிவாரத்தில் இருக்கும் கிளப் திடலுக்குப் போய்ச் சுட்டால், ஒன்று வட்டத்துக்குள் விழுந்தது, ஒன்று வேலூர்ப் பக்கம் போனது, ஒன்று நாட்றம்பள்ளிக்குப் பஸ் ஏறியது.

அன்று ராஜவேலுவும் வந்திருந்தார். குடியாத்தத்தில் விசைத்தறி வைத்து லுங்கி நெய்கிறவர். மக்பூலின் தோஸ்த், மக்பூல் தோற்கும்போது பக்கத்தில் இருப்பதற்கென்றே பிறந்தவர். அமிர்தி அருவிக்குப் போகலாம் என்று முனவ்வரும் சாப்பாட்டு அடுக்கோடு வந்து, பின்னால் புங்கமர நிழலில் காதில் பஞ்சு வைத்து உட்கார்ந்திருந்தார்.

"பாய், தோல வுட்டுத் தள்ளு," என்றார் ராஜவேலு. "வெளிநாட்ல எல்லாம் துணிதான் போடறானாம். நானே கொண்டாந்துட்டேன் பாரு, புது லுங்கி."

"ஆம்பூர்க்காரன் துப்பாக்கில குடியாத்தம் லுங்கியா? ஊர்ல தலை காட்டமுடியுமாய்யா எனக்கு?"

"தெனம் அத கட்டிக்கினுதான தலை காட்டற?"

முறைத்துக்கொண்டே மக்பூல் லுங்கித் துணியில் பொதிந்து மூன்று வெடி சுட்டார். இரண்டு வட்டத்துக்குள் போயின. மூன்றாவது விளிம்பைத் தாண்டியது.

ராஜவேலு கைகளை உயர்த்தி ஒரு சுற்றுச் சுற்றினார். "பாத்தியா! கஞ்சி போட்ட புதுத்துணி, அதான் மூணாவது எரிஞ்சிப் போச்சு. ரெண்டு தண்ணி அலசிட்டா போதும், அஞ்சும் உள்ள. அப்புறம் கோபிநாத்கிட்ட சொல்லி ஏழாம் வரிசைக்கு லுங்கி வரிசைன்னு பேரு வெப்போம்."

மக்பூலின் முகம் சுண்டிப்போனது. எந்தத் தோல் ஊரைச் சோறு போட்டு வளர்த்ததோ, எந்தத் தோலைக் கண்ணை மூடிக்கொண்டு தடவியே எந்த ஊர் ஆடு என்று சொல்வாரோ, அந்தத் தோல் ஒரு லுங்கியிடம் தோற்றுவிட்டது.

"அலசவும் வேணாம், பிழியவும் வேணாம்," என்றார். "ஜெயிச்சா தோல்ல ஜெயிக்கறேன். இல்லன்னா பெட்டில போவுது. நான் தோல்காரன்."

"வீம்பு புடிச்ச ஆளுயா நீ."

மக்பூல் பதிலாக மறுபடி தோல் பொதிந்து சுட்டார். குண்டு எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனால் குழலிலிருந்து பறந்த பொதித்தோல் பத்தடி தள்ளிக் காய்ந்த புல்லில் விழ, மெல்லிய புகை எழும்பியது. மக்பூல் துப்பாக்கியைக் கீழே வைத்து, இனி யாரும் சுடவில்லை என்று உரக்கச் சொன்னதும் முனவ்வர்தான் முதலில் ஓடினார்.

"மலையே பத்திக்கும் போல இருக்கே!"

புகைந்த தோலைக் காலால் தேய்த்து மிதித்தார். தீ அணைந்தது. செருப்பின் வார் பட்டென்று அறுந்தது.

முனவ்வர் ஒரு கையில் செருப்பையும் மறு கையில் கருகிய பொதித்தோலையும் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் புல்லுக்குள் இன்னும் கிடந்த பழைய துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். இத்தனை ஆண்டுகளில் மக்பூல் ஒரு நாளும் குனிந்து அவற்றை எடுத்துப் பார்த்ததில்லை. துண்டு பொறுக்குவது முதலாளி வேலை இல்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு.

ஒவ்வொரு துண்டிலும் நடுவே ஓட்டை. ஒரு பக்கம் மட்டும் காது மாதிரி இழுபட்டு நீண்டிருந்தது.

"இது எங்க வெட்டினது?" என்றார் முனவ்வர்.

"நம்ம கோடவுன்லதான்."

"அது தெரியாதா எனக்கு? தோல்ல எந்தப் பக்கம்?"

மக்பூல் ஒரு துண்டை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்.

வயிற்றுப் பக்கம். வேறெங்கே? ஆட்டுத்தோலில் நடுமுதுகு கெட்டி. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே மாதிரி நிற்கும். வயிறு தொளதொள. ஓரிடத்தில் மெல்லிசு, ஓரிடத்தில் தடிமன். இழுத்த பக்கம் போய்விட்டுத் திரும்பாது. குண்டோடு சேர்த்து இடித்தால் ஒரு பக்கம் இளகி, கிழிந்து, அந்த வழியாக நெருப்பு முந்திக்கொண்டு ஓடும். குண்டு பிடியில்லாமல் தள்ளாடும். தொழிலுக்குப் புதிதாய் வந்த ஆள்கூடச் சொல்லிவிடுவான். மக்பூலுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் முதுகிலிருந்து வெட்டலாம் என்ற நினைப்பே ஒரு நாளும் அவருக்கு வந்ததில்லை. முதுகு ஏற்றுமதிப் பெட்டிக்கு, வெளிநாட்டுக்கு. கழித்துப் போட்ட வயிறும் கழுத்தும் வீட்டுக்கு. அவர் அப்பா காலத்திலும் அப்படித்தான். அவர் வீட்டு சோஃபா மூன்று விதப் பழுப்பு நிறம். அவர் பர்ஸில் முள் கீறிய தழும்பு. மகள் இரம் காலேஜுக்குக் கொண்டுபோன பையில் உண்ணி கடித்த புள்ளிகள். முனவ்வர் கையிலிருந்த செருப்பில் இடது பாதம் வலதைவிட ஒரு சாயம் வெளுப்பு.

"முப்பது வருஷமா வயித்துத் தோல்லதான் நடக்கறேன்," என்றார் முனவ்வர். குரல் உயரவில்லை. மக்பூலுக்கு அதுதான் பயமாக இருந்தது. "விசேஷத்துக்குக் கெளம்பினா வாசல்ல வார் அந்துபோவும். ஊக்கு குத்திக்கினு போவேன். ஆம்பூர் தோல்காரன் பொண்டாட்டி! சரி, நமக்கு வாய்ச்சது இதுன்னு இருந்தேன். இப்ப சக்களத்திக்கும் அதே கதியா? பாவம், அதுக்கு வாயில்ல."

"வாய் இருக்கே அண்ணி," என்றார் ராஜவேலு. "அது வழியாதான மருந்து போடறோம்."

யாரும் சிரிக்கவில்லை. ராஜவேலு லுங்கியை மடிக்கத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரம். மக்பூலும் தொழுதுவிட்டுச் சாப்பிடாமல் நேராகக் கோடவுனுக்கு வந்தார். முனவ்வர் முன்பே வந்து, முதல் தரத் தோல் கட்டுகள் அடுக்கிய பலகைக்குப் பக்கத்தில் கை கட்டி நின்றிருந்தார்.

மக்பூல் கட்டு ஒன்றைப் பிரித்து மேல் தோலை மேசையில் விரித்தார். கையுறைக்கான ஆட்டுத்தோல். ஒரு கீறலில்லை, ஒரு புள்ளியில்லை. உள்ளங்கையை வைத்தால் தோல் திரும்பத் தடவுகிற மாதிரி இருந்தது. பழக்கம் போகாமல் கண்ணை மூடித் தடவினார்.

"மேல்பட்டி ஆடு," என்றார்.

"ஆட்டுக்கு அட்ரஸ் கேட்டாங்களா? வெட்டுங்க."

கத்தரிக்கோலை எடுத்தார். அது தானாக ஓரத்துக்குப் போனது.

"இன்னும் உள்ள," என்றார் முனவ்வர்.

ஒரு சாண் உள்ளே போனார்.

"இன்னும் உள்ள."

"கட்டுல ஒரு தோல் கொறையுமே, முனவ்வர்."

"கொறையட்டும். ஜெர்மனிக்காரனுக்குக் கை ஒண்ணும் வெறைச்சிப் போவாது."

மக்பூல் பிஸ்மில்லா சொல்லி நடுமுதுகில் கத்தரியை இறக்கினார். கறுக் என்று சத்தம். தாத்தா, அப்பா, ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் கபர்க்குழியிலிருந்து எழுந்து உட்கார்ந்து, 'அடப்பாவி' என்று சொன்ன மாதிரி இருந்தது. ஆனால் இரண்டாவது வட்டத்துக்கு மேல் அவ்வளவு சத்தம் கேட்கவில்லை. ஐந்தாவது வட்டத்தில் அவர் விசிலடித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குண்டுகள் வட்டத்துக்குள் போயின. தப்பித்தவறி இல்லை, வரிசையாக, ஒன்றை ஒன்று தேடிக்கொண்டு போயின. சுட்டு முடித்ததும் மக்பூலே குனிந்து பொதித்தோல்களைப் பொறுக்கினார். ஒன்றிலும் ஓட்டையில்லை. வட்டம் வட்டமாகவே இருந்தது. குண்டு உட்கார்ந்த இடத்தில் மட்டும் மருதாணி வைத்த மாதிரி ஒரு கருஞ்சிவப்பு.

ஒரே ஒரு கோணல் மிச்சம். எண்ணெய் பூசி வைத்திருந்த குழலில் முதல் வெடி மட்டும் எப்போதும் ஒரு சாண் மேலே ஏறியது. அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படியே.

"அதுக்கென்ன," என்றார் ராஜவேலு. "போட்டி அன்னிக்கு மொதல் வெடிய மண்மேட்ல வுட்டுட்டு அப்புறம் அஞ்ச ஆரம்பி."

போட்டி நாளன்று கோபிநாத் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை.

"அஞ்சுன்னா அஞ்சுதான் பாய். மொதல் வெடியும் கணக்குதான். நீங்க போட்ட கண்டிஷன், நான் போட்டதில்ல."

திடலில் கூட்டம். புது ஹால் வாசலில் கண்ணாடிப் பெட்டி, உள்ளே விளக்கு, பித்தளைத் தகடு எல்லாம் தயார். தகட்டில் மக்பூல் அகமது என்று பெயர்கூட வெட்டியாகிவிட்டது. மக்பூல் அந்தப் பக்கம் திரும்பாமல் ஏழாம் வரிசைக்கு நடந்தார்.

சரி, முதல் வெடி ஒரு சாண் ஏறும், அவ்வளவுதானே? ஒரு சாண் கீழே குறி வைத்தால் போயிற்று. மக்பூல் மருந்தை அளந்து போட்டார். நடுமுதுகுத் தோலில் குண்டைப் பொதிந்தார். கோட்டு அடையாளம் வரை இடித்து இறக்கினார். கறுப்பு வட்டத்துக்கு ஒரு சாண் கீழே வெள்ளை அட்டையில் கண்ணை வைத்து, மூச்சை நிறுத்தி, விசையை இழுத்தார்.

புகை கலைந்தது. வட்டத்துக்கு ஒரு சாண் கீழே, வெள்ளையில், அவர் கண் வைத்த அதே இடத்தில் ஓட்டை.

வாழ்க்கையில் முதன்முறையாக அந்தத் துப்பாக்கி சொன்ன இடத்துக்கே குண்டை அனுப்பியிருந்தது. காலையில் பதற்றத்தில் குழலைத் துடைத்துத் துடைத்து எண்ணெய்ப் பசையே இல்லாமல் செய்துவிட்டோம், அதனால் குண்டு மேலே ஏறவில்லை என்பது அப்போதுதான் அவர் புத்திக்கு எட்டியது.

கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். கோபிநாத் அருகில் வந்தார். "போதும் பாய். வுட்டுருங்க."

"நாலு பாக்கி இருக்குல்ல?"

"ஒண்ணு வெளிய போனா முடிஞ்சிதுன்னு நீங்கதான..."

"முடிஞ்சிதோ முடியலியோ, நான் சுடாம எறங்கமாட்டேன். தள்ளி நில்லுங்க கோபி. பொகை கண்ணுக்கு ஆவாது."

துடைத்தார், அளந்தார், பொதிந்தார், இடித்தார், சுட்டார். இனி இழக்க எதுவுமில்லை என்றானபின் கை ஆற்றுப்பாறை மாதிரி கிடந்தது. நான்கு வெடியும் முடிந்து அட்டையைக் கழற்றிக் கொண்டுவந்தபோது கூட்டம் அதைச் சுற்றி நெருக்கியது. கறுப்பின் நடுவே நான்கு ஓட்டைகள். ஒரு டீ கிளாஸைக் கவிழ்த்தால் நான்கும் உள்ளே.

கோபிநாத் அட்டையை நெடுநேரம் பார்த்தார். "மாஷா அல்லா, பாய்," என்றார். மனதாரத்தான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா கண்டிஷன் கண்டிஷன்தான். எல்லார் முன்னாடியும் சொன்னது."

அதுதான் மக்பூலின் கழுத்தைப் பிடித்தது. தோல் மண்டியில் கைத்துண்டு மறைவில் விரல் பிடித்து முடித்த பேரத்தைக்கூட அவர் மாற்றியதில்லை. துப்பாக்கியை ஒரு முறை நெஞ்சோடு சேர்த்தார். குழல் இன்னும் சூடாக இருந்தது. இந்தச் சூட்டின் மேலேயே ஈயத்தை ஊற்றப்போகிறார்கள். இரண்டு கையாலும் துப்பாக்கியைக் கோபிநாத்திடம் நீட்டினார்.

"யாரக் கேட்டு?"

முனவ்வர். ஊக்கு குத்திய செருப்பை இழுத்து இழுத்து நடந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"கோபிநாத் தம்பி, இந்தத் துப்பாக்கி யாரோடது?"

"பாயோடது, மேடம்."

"லைசென்ஸ் காப்பி உங்க ஆபீஸ்லதான இருக்கு. மேல யாரு போட்டோ? மூக்குத்தி போட்டுக்கினு இருக்கறது மக்பூல் பாயா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கோபிநாத்துக்கு உரிமம் நினைவு வந்தது. மக்பூலுக்கும்.

"மேடம், அது சரி... ஆனா பாய் வாக்கு குடுத்துட்டாரு."

"குடுத்தாருல்ல? அப்போ அவரு பொருள் எதுவோ அதக் குடுக்கட்டும். அவரையே தூக்கிப் பெட்டில நிக்க வெய்ங்க. அதுவும் ஹெரிடேஜ்தான். தகட்டுல பேரும் பொருத்தமா இருக்கு."

இப்போது கூட்டம் வாய்விட்டே சிரித்தது. மக்பூலும் சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொண்டார். முனவ்வர் அவர் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, தண்ணீர்க் குடத்தைப் போல இடுப்பில் சாய்த்துக்கொண்டார்.

"இது எங்க அப்பாஜானோடது. அவருக்கப்புறம் என்னோடது. நான் குடுக்கல. இதோட வாய்ல ஈயம் ஊத்தறவன் மொதல்ல என் வாய அடைச்சிட்டு வரட்டும்."

ராஜவேலு பின்னாலிருந்து முணுமுணுத்தார். "அது ஆவற காரியமா?"

கோபிநாத் கடைசியாக ஒரு முறை முயன்றார். "சேஃப்டின்னு ஒண்ணு இருக்கு, மேடம். குண்டு கோணலா போனா..."

"இதுல எது கோணல்? காட்டுங்க." முனவ்வர் அட்டையில் விரலை வைத்தார். "இந்த நாலா? மொதல் வெடியும் அவரு கண்ணு வெச்ச எடத்துக்குத்தான் போச்சு. துப்பாக்கி நேராத்தான் இருக்கு. புத்திசாலித்தனம் பண்றேன்னு கீழ குறி வெச்ச ஆளுதான் கோணல். அதுக்குத் துப்பாக்கி இன்னா பண்ணும்?"

"நான் பக்கத்துலதான் இருந்தேன்," என்றார் ராஜவேலு. "கொழல் கீழ எறங்கினத என் கண்ணால பாத்தேன். லுங்கி மேல சத்தியம்."

கோபிநாத் அட்டையையும், துப்பாக்கியை இடுப்பில் வைத்து நிற்கும் அம்மாளையும் பார்த்தார். வியாபாரம் தெரிந்தவர். எங்கே நிறுத்திக்கொள்வது என்பதும் தெரிந்தவர்.

"சரி மேடம். ஏழாம் வரிசை இருக்கட்டும். ஆனா பெட்டி காலியா கெடக்குதே. சாயங்காலம் விருந்தாளிங்க வர்றாங்க."

முனவ்வர் கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். திடலில் பொறுக்கிய பழைய பொதித்தோல்கள். ஓட்டை விழுந்து, கருகி, காது நீண்டவை.

"இத மாட்டுங்க. வெளக்குப் போட்டா நல்லா இருக்கும்."

"இது இன்னா மேடம்?"

"செகண்ட்ஸ், ரெண்டாந்தரம். இத்தினி வருஷமா எங்க வீட்டுக்கு வந்தது. மொதல் தரம் எங்ககிட்ட இருக்கட்டும்."

திரும்பும் வழியில் கார் பள்ளிகொண்டாவைத் தாண்டியது. பின் சீட்டில் துப்பாக்கி படுத்திருந்தது. முன் சீட்டில் முனவ்வர் செருப்பைக் கழற்றி ஊக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ஆம்பூர் பஜார்ல நிறுத்தட்டுமா?" என்றார் மக்பூல். "நல்ல செருப்பா ஒண்ணு வாங்கிக்கலாம்."

"கடையிலயா?" முனவ்வர் ஊக்கை வாயில் கவ்வியபடியே கேட்டார். "கோடவுனுக்கு வுடுங்க."

ஞாயிற்றுக்கிழமைக் கோடவுனில் ஆளில்லை. மக்பூல் விளக்கைப் போட்டார். கையுறைத் தோல் அடுக்கைத் தாண்டி, செருப்புக்கும் ஷூவுக்கும் போகிற கனத்த தோல் அடுக்குக்கு நடந்தார். முதல் தரக் கட்டு ஒன்றைப் பிரித்து, மேல் தோலை மேசையில் விரித்தார். முனவ்வரின் பழைய செருப்பை அளவுக்காக அதன் மேல் வைத்தார். கண்ணை மூடித் தடவப் போனவர், முனவ்வரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கத்தரியை எடுத்தார். அது தானாக ஓரத்துக்குப் போனது.

"இன்னும் உள்ள," என்றார் முனவ்வர்.